கருத்துரிமையும் அவதூறும்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நேற்றிரவு தண்ணீர் லாரிக் கணக்கைப் பற்றிய பேச்சில், முன்னாள் பொருளாளர் "பணத்தைச் சுருட்டிவிட்டார்" என்று ஒருவர் பதிவிட, ஆட்சேபித்தவர்களுக்கு "இது என் கருத்துரிமை" என்ற பதில் வந்தது. அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமைக்கு, 19(2)-இலேயே அவதூறு ஒரு வரம்பாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. அவதூறைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படி, வாயால் சொன்னாலும் எழுத்தில் சொன்னாலும், இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடும். தண்டனையிலிருந்து தப்ப, சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும் (பலர் இதைக் கவனிப்பதில்லை). ரசீதைக் கேளுங்கள், கணக்கைக் கேளுங்கள். அதை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பதிவை மட்டும் இன்று மாலைக்குள் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குழு நிர்வாகி