டேரியஸுக்குக் கணக்குப்பிள்ளைகள் இருந்தார்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார் நான். அகாமனிசியர் ஆண்ட பாரசீகப் பேரரசைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்க எழுதுகிறேன். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் கரும்பலகையில் மாசிடோனியாவிலிருந்து சிந்து வரை நீளமாக ஓர் அம்புக்குறி போடுவேன். அந்த அம்பு போகிற வழியில் கிடக்கிற நாடுதான் பாரசீகம். கிரேக்கர்களிடம் மாரத்தான் போரில் தோற்றது, சலாமிஸ் கடற்போரில் தோற்றது, கடைசியில் அலெக்சாண்டரிடம் ஒரேயடியாகத் தோற்றது. மணி அடிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். ஒருமுறை கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அந்த ராஜாகிட்ட எழுதத் தெரிஞ்ச ஆளே இல்லையா? எல்லாத்தையும் கிரேக்கக்காரங்களே சொல்றாங்களே?" என்றான். உட்காருடா என்று அதட்டிவிட்டேன். பதில் தெரியவில்லை, அதுதான் விஷயம்.

எழுத ஆள் இருந்தார்கள், ஏராளமாக இருந்தார்கள். கிரேக்கர்களைப் போல உட்கார்ந்து கதை எழுத அவர்களுக்கு நேரமில்லை. கணக்கு எழுதினார்கள்.

1933-34இல் பாரசீக அரசர்களின் தலைநகரான பெர்செபோலிஸின் கோட்டைச் சுவரோரம் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் கிடைத்தன. பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் காலத்தவை, கி.மு. 509 முதல் 493 வரை. பெரும்பாலும் தென்மேற்கு ஈரானின் பழைய மொழியான ஈலமைட், ஈரக் களிமண்ணில் அழுத்தி எழுதும் ஆப்பெழுத்து. பல பலகைகள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவற்றில் போரும் இல்லை, புகழும் இல்லை. இந்த ஆளுக்கு இத்தனை படி வாற்கோதுமை, அந்தக் குழுவுக்கு இத்தனை குடம் மது, கீழே முத்திரை. சுருக்கமாகச் சொன்னால், பேரரசு யாருக்கு எவ்வளவு படியளந்தது என்பதுதான் அதில் இருக்கிறது. வேலை செய்த பெண்கள் வருகிறார்கள். பெண் மேற்பார்வையாளர்களுக்குச் சாதாரணக் கூலிகளைவிட அதிகப் படி. பிள்ளை பெற்றவளுக்குத் தனியாகக் கூடுதல் படி உண்டு, ஆனால் ஆண் பிள்ளை என்றால் கொடுப்பதில் பாதிதான் பெண் பிள்ளைக்கு. அந்த ஓரவஞ்சனை நமக்குப் புதிதா என்ன!

வழிப்போக்கர் கணக்கும் இருக்கிறது. முத்திரையிட்ட அனுமதிச் சீட்டைக் காட்டினால் வழியில் உள்ள ஒவ்வொரு தங்குமிடத்திலும் மாவும் குடிக்க மதுவும் அளந்து கொடுத்து, கொடுத்ததை எழுதிக்கொள்வார்கள். சிந்துப் பகுதிக்குப் போனவர்களும் அங்கிருந்து வந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. இன்றைய துருக்கியிலுள்ள சார்டிஸிலிருந்து ஈரானிலுள்ள சூசா வரை சுமார் 2,500 கிலோமீட்டர் அரச பாதையில் 111 தங்குமிடங்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினாரே, அது வெறும் கதையாக இருந்திருக்காது என்ற நம்பிக்கை எனக்கு இந்தப் பலகைகளால்தான் வந்தது.

இந்தப் பலகைகளுக்கு வந்த சோதனை தனிக் கதை. ஆய்வுக்காகச் சிகாகோவுக்கு இரவலாகப் போனவை, ஈரான் அரசு மீதான ஒரு நஷ்டஈட்டு வழக்கில் ஜப்தியாகும் நிலைக்கு வந்துவிட்டன. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. அடுத்த ஆண்டு 1,783 பலகைகள் ஊர் திரும்பின.

சரி, பேரரசின் எழுச்சிக்கு வருகிறேன். அன்ஷான் என்ற சிறு நாட்டின் அரசன் சைரஸ் கி.மு. 550இல் ஈரானின் வடபகுதியை ஆண்ட மீடியர்களை வென்றான். சில ஆண்டுகளில் இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த லிடியா, 539இல் பாபிலோன். மகன் காம்பிசஸ் 525இல் எகிப்தைப் பிடித்தான். இருபத்தைந்தே ஆண்டு. பிடிப்பது வேறு, கட்டிக் காப்பது வேறு என்று 522இல் தெரிந்தது. டேரியஸ் பட்டத்துக்கு வந்த விதமே சந்தேகத்துக்குரியது. நாடு முழுக்கக் கலகம் வெடித்தது. அடக்கி முடித்ததும் ஈரானின் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் தன் தரப்பு நியாயத்தை மூன்று மொழிகளில் வெட்டினான். பேரரசின் அலுவல் மொழியான அரமேயத்தில் அதன் நகல் ஒன்று எகிப்தின் எலிஃபென்டைன் தீவில் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கிறது. ஈரான் பாறையில் வெட்டியதை நைல் கரையில் படிக்கிறார்கள் என்றால், நடுவில் எத்தனை எழுத்தர்கள் இருந்திருக்க வேண்டும்?

இதைச் சொல்லும்போதே ஒரு பயமும் இருக்கிறது. கிரேக்கர் பக்கத்திலிருந்து விலகுகிறோம் என்று மறுபக்கம் விழுந்துவிடாதீர்கள். 1879இல் பாபிலோனில் கிடைத்த, சைரஸின் பேச்சு பொறித்த களிமண் உருளையை 'உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்' என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. அடிமை முறையை ஒழித்ததாகப் போலி மொழிபெயர்ப்புகூடச் சுற்றுகிறது. உருளையில் அப்படி எதுவும் இல்லை. பாபிலோனின் பெருந்தெய்வம் மர்துக் தன்னைத் தேர்ந்தெடுத்ததையும், கோயில்களுக்குத் தெய்வச் சிலைகளைத் திருப்பி அனுப்பியதையும் சைரஸ் சொல்கிறான். புதிதாக நகரத்தைப் பிடித்தவன் உள்ளூர்ப் பூசாரிகள் மகிழும்படி பேசுகிறான், அவ்வளவுதான்.

இனி வீழ்ச்சி. "சொகுசில் உளுத்துப்போன பேரரசு, ஒரு தட்டுத் தட்டினான், உதிர்ந்தது" என்பது பாடத்தில் வழக்கமாக வருகிற விளக்கம். அறுபது ஆண்டுக்கு மேல் கைவிட்டுப் போயிருந்த எகிப்தை மூன்றாம் அர்தசெர்க்சஸ் கி.மு. 343 வாக்கில் திரும்பப் பிடித்தான். உளுத்த மரம் அப்படிச் செய்யுமா? அதற்கு அப்புறம்தான் அரண்மனைக் கொலைகள், வாரிசுக் குழப்பம். 336இல் மூன்றாம் டேரியஸ் பட்டத்துக்கு வந்தபோது அலெக்சாண்டரும் அதே ஆண்டில் பட்டமேற்றிருந்தான்.

331இல் காகமேலாவில் அலெக்சாண்டருக்கும் மூன்றாம் டேரியஸுக்கும் போர். டேரியஸ் பயந்து ஓடினான், பிறகு படை சிதறியது என்பது கிரேக்க வழி வந்த கதை. பாபிலோனில் வானத்தைப் பார்த்துத் தினக்குறிப்பு எழுதிவந்தவர்களின் பலகை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாதம் 11ஆம் நாள் அரசனின் முகாமில் பீதி, 13ஆம் நாள் சந்திர கிரகணம், 24ஆம் நாள் போர் என்று குறித்துக்கொண்டே போகிறது. பிறகு, படைகள் அரசனைக் கைவிட்டுத் தங்கள் ஊர்களுக்குப் போயின என்கிறது. அதாவது, அரசன் படையை விடவில்லை, படை அரசனை விட்டது. எது உண்மை என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, பிள்ளைகளைச் சண்டை போடவிடுங்கள் என்கிறேன்.

பெர்செபோலிஸை 330இல் எரித்த அதே அலெக்சாண்டர், காகமேலாவில் தன்னை எதிர்த்துப் போரிட்ட மசேயஸைப் பாபிலோனின் ஆளுநராக வைத்துக்கொண்டான். அரசன் மாறினான், ஆபீஸ் மாறவில்லை. டேரியஸைக் கொன்றதும் மாசிடோனியன் அல்ல, அவனுடைய சொந்த ஆளுநன் பெஸ்ஸஸும் கூட்டாளிகளும்தான்.

அதனால் அடுத்த பதிப்பில் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறேன். பாரசீகப் பாடம் வரும் பக்கத்தில் அலெக்சாண்டர் குதிரையில் பாயும் படத்தைத்தானே போடுகிறீர்கள். அதை எடுத்துவிட்டு அந்தக் களிமண் பலகைகளில் ஒன்றைப் போடுங்கள். உள்ளதை உள்ள அளவிலேயே அச்சடித்தாலும் பாதிப் பக்கம் மிச்சமாகும். தினக்குறிப்பின் அந்த வரியை அங்கே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று ஆசிரியன்