அந்தப் போரைத் திறந்து பாருங்கள்

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊரும் பக்கத்து அனல்மின் நிலையமும் உங்கள் கோப்பில் இருப்பவைதான். கிழக்கு மதிலை ஒட்டி உள்ளே வற்றிப்போன பழைய போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஒன்று கிடப்பதும், ராத்திரியில் அதன் வாயில் ஹோஸைச் செருகிக் கழிவுநீர் விடுகிறார்கள் என்று நாங்கள் மூன்று முறை மனுக் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். போன வாரம் பதில் வந்தது. வாய்க்காலில் மாதிரி எடுத்தீர்களாம், அளவுகள் வரம்புக்குள் இருக்கின்றனவாம். ஐயா, வாய்க்காலைப் பற்றி நாங்கள் புகாரே சொல்லவில்லை. சொன்னது போரைப் பற்றி. அதன் மூடியைக்கூட யாரும் தொடவில்லை.

எங்கள் கிணறு அந்த மதிலிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு வருடமாகத் தண்ணீர் கரிக்கிறது. பருப்பு வேகாது. வாளியின் அடியில் வெள்ளையாகப் படிவதை நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கிறோம். மாட்டுக்கு என்ன செய்வது? வெயிலில் மேய்ந்துவிட்டு வந்த பசு தொட்டியில் வாயை வைக்கும், உதடு நனைந்ததும் தலையை உதறிக்கொண்டு விலகும். தவிடும் கொஞ்சம் வெல்லமும் கரைத்து அம்மா அதை எப்படியோ குடிக்க வைத்துவிடுகிறார். கன்று அதற்கும் மசியவில்லை. அதற்காக ஊர்க் குழாயடியில் வரிசையில் நின்று காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம் சுமந்து வருகிறார். அம்மாவுக்கு வயது 68. மனுஷருக்கே பத்தாத தண்ணீர் மாட்டுக்கா என்று பின்னால் நிற்பவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை.

மின் நிலையத்தில் சூடான தண்ணீரை ஆற வைக்கும் கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிச்சத்தில் உப்பு ஏறும். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் உப்பை நீக்கும் டிஎம் பிளாண்டில், உப்பைப் பிடிக்கும் ரெசின் மணிகளைக் கழுவ அமிலமும் காஸ்டிக் சோடாவும் ஓடும். இந்தக் கழிவை முறையாகச் சுத்திகரிக்கச் செலவாகும். செத்த போரில் விட்டால் செலவே இல்லை. ஆனால் இது பாறைப் பூமி. மண் சரியாமல் இருக்க போருக்குள் இறக்கும் கேசிங் பைப் மேல்மண்ணோடு நின்றுவிடும். அதற்குக் கீழே தண்ணீர் போவதும் வருவதும் பாறை வெடிப்புகளில்தான். அங்கே ஊற்றினால் எங்கள் ஊற்றுக்கண்ணுக்கு வர எவ்வளவு நேரமாகும்?

அமெரிக்காவில் ஆலைக் கழிவைப் பூமிக்குள் செலுத்த அனுமதி உண்டு என்று உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். உண்டுதான். அங்கே குடிநீர்ப் படுகைக்கும் கீழே போக வேண்டும், நடுவில் நீர் புகாத பாறை அடுக்கு இருக்க வேண்டும், 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது கிணறு கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். டென்வர் அருகே ராணுவ ரசாயன ஆலை ஒன்று 1962இல் 3,600 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கழிவை இறக்கியபோது நிலம் நடுங்கத் தொடங்கி, 1966இல் நிறுத்தினார்கள். மதிலோரத்துப் பழைய போரை அதோடு ஒப்பிடுவதே தவறு. நம் சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கிணற்றில் கழிவு விடுவதைத் தடுக்கிறது. நிலத்தடி நீரையும் நீரோடை என்றே அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது.

ஏரியில் மீன் செத்து மிதந்தால் படம் எடுக்கலாம், பத்திரிகையில் வரும். பூமிக்குள் விட்டதை யார் படம் எடுப்பது? ஊருக்கு ஊர் இப்படித்தான் கிணறுகள் கெட்டுப்போகின்றன, குடிக்கிறவனே ஆதாரமும் கொண்டுவர வேண்டும் என்கிறீர்கள். மதிலுக்குள் நாங்கள் எப்படிப் போக முடியும்? அந்த அதிகாரம் உங்களிடம்தானே இருக்கிறது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிணறு கெட்டது நிலையத்தில் எரிந்த நிலக்கரிச் சாம்பலைத் தேக்கும் சாம்பல் குளத்துக் கசிவாலும் இருக்கலாம், சோதித்தால் தெரிந்துவிடும். தயவுசெய்து அந்தப் போரைத் திறந்து பாருங்கள். ஊர்க்காரர் இரண்டு பேர் முன்னிலையில், நிர்வாகத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பாருங்கள். அன்றைக்கே எங்கள் கிணற்றிலும் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வாளியும் கயிறும் கிணற்றடியிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
கிழக்கு மதிலோரத்து விவசாயி