புதுப்பேட்டை சிறு கடைகள் ஒன்றாகச் சேர்ந்து வாகன உடைப்பு மையமாகப் பதிவு செய்ய வழி கேட்டு மனு

அனுப்புநர்: பழைய டூவீலர் கழட்டும் சிறு கடைக்காரர், புதுப்பேட்டை, சென்னை.

பெறுநர்: போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: பொது யார்டு அமைத்துப் பதிவு பெற உதவி கோருதல்.

ஐயா,

வணக்கம். புதுப்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் எனக்கு ஒரு கடை. அப்பா காலத்திலிருந்து பழைய பைக் வாங்கிக் கழட்டி, இன்ஜின், கார்புரேட்டர், ஃபோர்க் என்று நல்லதாக இருப்பதைத் தனியாக விற்று, மிச்ச இரும்பைக் கிலோ கணக்கில் போட்டு வருகிறோம்.

சில வருஷம் முன்னால் ஒரு பைக் வாங்கினேன். ஆர்சி புக் இருந்தது, விற்றவரின் அடையாள அட்டை நகல் வாங்கினேன், நோட்டில் எழுதியும் வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் போலீஸ் வந்து நின்றபோதுதான் அந்த ஆர்சி போலி, வண்டி திருட்டு வண்டி என்று தெரிந்தது, அதற்குள் பாதி பார்ட்ஸ் விற்றுப்போயிருந்தது. தெரியாமல்தான் வாங்கினேன் என்று சொல்லிப் புரியவைக்க ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். அந்த நாளெல்லாம் கடை பூட்டிக்கிடந்தது.

அதனால்தான் 2021 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த வாகன உடைப்பு மைய விதிகளைப் படித்தபோது இது நமக்கும் வேண்டும் என்று தோன்றியது. பதிவு பெற்ற மையம் என்றால் உடைப்பதற்கு முன்னாலேயே திருட்டு வண்டிப் பட்டியலோடு நம்பரை ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒப்படைத்தவருக்குச் சான்றிதழ் தரலாம், சேஸிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு ஆதாரம் இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டவே முடியாமல் போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளில் தெரிவித்து ஆர்சியை ரத்துக்காக ஆர்டிஓ அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் எங்களிடம் விற்கிறவர்களில் நிறைய பேர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், வண்டி துண்டு துண்டாகிவிட்ட பிறகும் பதிவேட்டில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நாளைக்கு அந்த நம்பரை வேறு ஒருவன் மாட்டிக்கொண்டு சுற்றினால் அபராதம் பழைய உரிமையாளர் பெயருக்குத்தான் போகும்.

சரி, பதிவு செய்யலாம் என்று பார்த்தால் கட்டணம் 1 லட்சம், அதற்கு மேல் 10 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ஆயிலையும் பேட்டரியையும் தரையில் கொட்டாமல் பிரித்து வைக்கும் அளவுக்கு இடம். எங்கள் தெருவில் வேஸ்ட் ஆயில் தரையில் ஊறுவது எனக்கும் பிடிக்கவில்லை, கூவம் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் இந்தக் கடைக்குள் அதற்கு எங்கே இடம்?

தொகையைக் குறைக்கச் சொல்லவில்லை, அது மத்திய அரசு விதி என்று தெரியும். இருபது முப்பது கடைகள் சேர்ந்து ஒரே விண்ணப்பம் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் அரசு இடம் ஒன்றை வாடகைக்குக் கொடுத்தால் உடைப்பதை அங்கே வைத்துக்கொள்கிறோம், புதுப்பேட்டைக் கடைகள் வண்டி வாங்கிச் சேர்க்கும் இடமாகவும் பார்ட்ஸ் விற்கும் இடமாகவும் இருக்கட்டும். அப்புறம், படிவமும் விதிகளும் தமிழில் வேண்டும், எங்களில் பலர் எட்டாவது தாண்டவில்லை.

நேரில் பேச ஒரு நாள் ஒதுக்கிக் கொடுங்கள் ஐயா. கொள்முதல் நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
புதுப்பேட்டை கடைக்காரர்