விளக்கு அடித்ததும் வேலை முடிவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பல் அடைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரெசின் (பிளாஸ்டிக் வகைப் பிசின்) கலந்த கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புச் சிமெண்டை 'நீல விளக்கில் இறுகும் பிளாஸ்டிக்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பல் மருத்துவரின் உதவியாளராக அந்தச் சிமெண்டைக் குழைப்பதே என் வேலை என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

அது பாதிதான் பிளாஸ்டிக். 1970களின் தொடக்கத்தில் லண்டனில் வேதியியலாளர்கள் ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் கொண்டுவந்த பழைய சிமெண்ட் அப்படியே உள்ளே இருக்கிறது: ஃபுளோரைடு உள்ள கண்ணாடித் தூள், பாலிஅக்ரிலிக் அமிலம், தண்ணீர். ரெசினாக இதில் சேர்ந்தது முக்கியமாக ஹெமா (HEMA) என்ற திரவம். விளக்கு அடித்தால் சில விநாடிகளில் இறுகுவது ஹெமா பகுதிதான். அமிலமும் கண்ணாடியும் அதற்குப் பிறகும் நிதானமாகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பல்லில் உள்ள கால்சியத்தோடு ஒட்டுவதும் அந்த அமிலம்தான்.

குழைக்கும்போது இது கண்ணுக்கே தெரியும். கலவை பளபளவென்று இருக்கும்வரை ஒட்டுவதற்கு அமிலம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மினுமினுப்பு மங்கிவிட்டால், இன்னும் இளக்கமாகத்தானே இருக்கிறது என்று குழியில் வைக்கக்கூடாது, தூக்கிப் போட்டுவிட வேண்டும். இன்னொன்று, குழைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று திரவத்தை ஒரு சொட்டுக் கூடுதலாக விடுவார்கள் பாருங்கள், அதில்தான் பலம் போகிறது.

ஃபுளோரைடைப் பற்றியும் கொஞ்சம் அதிகமாகவே புகழ்ந்துவிட்டார்கள். முதல் ஓரிரு நாள் சிமெண்டிலிருந்து நிறைய வரும், அப்புறம் மளமளவென்று குறைந்துவிடும். பற்பசையில் இருந்து மறுபடி கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், அது நல்ல விஷயம்தான்.

ஹெமாவுக்குத் தண்ணீர் பிடிக்கும். அதனால் இறுகிய பிறகும் ஈரத்தை இழுத்து லேசாக உப்பும். பல்லின் மேல் மாட்டும் சில பீங்கான் உறைகளை இதைக் கொண்டு ஒட்டத் தயங்குவது இதனால்தான். இறுகாத ஹெமா தோலுக்கும் ஆகாது. சாதாரண ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும், கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வலது கை விரல் நுனிகள் வெடித்துத் தோல் உரிந்தபோது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது கையுறையில் ஒரு துளி பட்டாலும் உடனே மாற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி