மேலேறினால் அது உயிர் தப்பியது ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓடுபாதை வரை வந்த விமானம் இறங்காமல் மறுபடியும் மேலே போன செய்தியைத் தங்கள் இதழில் படித்தேன். ‘நூலிழையில் உயிர் தப்பிய பயணிகள்’ என்று தலைப்பு. விமானங்களுக்கு எடைக் கணக்குப் போடும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான். மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

அப்படி மேலேறுவதற்கு ‘கோ-அரவுண்ட்’ என்று பெயர். விமானம் கிளம்பும் முன்பே அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறோம். இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனாலும், 100 மீட்டர் போவதற்குள் 2.1 மீட்டராவது ஏற வேண்டும் என்பது சான்றளிப்பு விதி. இரண்டும் ஓடினால், சக்கரமும் ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) இறங்கும் நிலையில் இருக்கும்போதே 3.2 மீட்டர். வெயிலும் உயரமான இடமும் சேர்ந்தால் காற்று லேசாகிவிடும். இன்ஜினுக்கு வலு குறையும், இறக்கைக்கும் பிடிமானம் குறையும். ஓடுபாதை தாராளமாக இருக்கும், ஆனால் இந்த ஏறும் கணக்கு இடிக்கும். ஏற்றி முடித்த சரக்கை இறக்கச் சொல்லி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில் ஓடிக்கொண்டிருக்கும் ஜெட் இன்ஜின், விசையைக் கூட்டும் லீவரைத் தள்ளியதும் சீறிக் கிளம்பாது. அந்த 3.2 மீட்டர் கணக்கே, லீவரைத் தள்ளி 8 விநாடிக்குள் கிடைக்கும் விசையை வைத்துப் போடுவதுதான். அதற்குள் விமானம் இன்னும் கொஞ்சம் தாழும். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டு எழுவதும் உண்டு. பார்ப்பவருக்குப் பகீரென்றிருக்கும், ஆனால் அது எதிர்பார்த்ததுதான்.

2016 ஆகஸ்ட் 3 அன்று துபாயில் நடந்தது வேறு. எமிரேட்ஸின் போயிங் 777 தரையைத் தொட்ட பிறகு மேலேற முயன்றது. சக்கரம் தரையில் பட்டுவிட்டால் அந்த விமானத்தில், இன்ஜின் விசையைத் தானாகவே கூட்டும் கோ-அரவுண்ட் பொத்தான் வேலை செய்யாது. மூக்கு தூக்கியாயிற்று, சக்கரமும் மடங்கத் தொடங்கிவிட்டது, இன்ஜின் மட்டும் ஐடிலிலேயே கிடந்தது. சுமார் 85 அடி எழுந்து, வேகம் இழந்து, ஓடுபாதையிலேயே விழுந்தது. உள்ளே இருந்த 300 பேரும் பிழைத்தார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரை விட்டார்.

நூலிழையில் தப்பியவர்கள் அந்த 300 பேர். சரியாக அமையவில்லை என்று தெரிந்ததும் தயங்காமல் லீவரைத் தள்ளிய விமானியின் செய்திக்கு, ‘இறங்குவதைக் கைவிட்டுப் பத்திரமாக மேலேறியது’ என்று தலைப்புப் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானத்துறை ஊழியர்