கோமதிக்கு, ஓஸ்டியா போய்வந்த சேதி

அன்புள்ள கோமதி,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, வலித்தாலும் செய். உன் மருமகளிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் உன்னை விடமாட்டாள். இங்கே எல்லாரும் சுகம். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், பேத்தி ஓடவே ஆரம்பித்துவிட்டாள், அவள் பின்னால் போகவே எனக்குப் பகல் சரியாக இருக்கிறது. ஜெர்மனியில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டது.

குறுவை நெல் மழையில் நனைந்ததைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தை மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெற்ற பிறகும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைகிறது என்றால் உனக்குத் தூக்கம் வராது. அதே கடிதத்தில்தான் கேட்டிருந்தாய், ரோம் போனாயாமே, இடிந்த சுவர்களைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா, எல்லாம் ராஜாக்களின் பெருமைதானே என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

கொலோசியத்தையும் பார்த்தோம். பெரியதுதான், கூட்டமும் பெரியது. ஆனால் எனக்கு இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஓஸ்டியா ஆன்டிகா என்ற இடம். ரோமுக்கு மேற்கே, திபேர் ஆறு கடலில் சேர்ந்த முகத்துவாரத்தில் இருந்த பழைய துறைமுக ஊர். பிரமிடே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்ட்டா சான் பாவ்லோ நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரம், நகரப் பேருந்துக்கு வாங்குகிற அதே டிக்கெட் போதும். காலை ஆரம்பித்து மதியம் முடிகிற அரை நாள் சுற்று, சின்னக் குழு, தொல்லியல் படித்த ஒரு பெண் வழிகாட்டி. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். மாப்பிள்ளை முதலில், வழிகாட்டி எதற்கு, போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அங்கே போய்ப் பார், கண்ணுக்கு எட்டியவரை செங்கல் சுவர், எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பளிங்கையெல்லாம் பிற்காலத்தில் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள், பீசா கதீட்ரல் வரை போயிருக்கிறதாம். சொல்ல ஆள் இல்லாவிட்டால் எது கடை, எது வீடு, எது கிடங்கு என்றே தெரியாமல் திரும்பியிருப்போம்.

அவள் வாசலில் நிற்க வைத்து முதலில் சொன்னதே தானியக் கணக்குதான். ரோம் நகரத்தில் அப்போது ஏறக்குறைய 10 லட்சம் பேர். சுற்றுவட்டாரத்தில் விளைந்தது போதாது. எகிப்து, வட ஆப்பிரிக்கா, சிசிலி என்று கடல் தாண்டித்தான் கோதுமை வரவேண்டும். அரசாங்கமே ஊருக்கு இலவசமாகத் தானியம் கொடுத்தது, அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் சுமார் 2 லட்சம் ஆண்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள், ஆளுக்கு மாதம் 5 மோடியுஸ், கிட்டத்தட்ட 33 கிலோ. பெண்களுக்குப் பெயர் கிடையாது. பட்டியல் என்று அவள் சொன்னதும் எனக்கு உன் ஞாபகம்தான். முப்பத்தைந்து வருஷம் பட்டியல் எழுதின கை இல்லையா உன்னுடையது. அந்த நிமிஷத்திலிருந்து நான் அந்த ஊரை உன் கண்ணால்தான் பார்த்தேன், நிஜமாகச் சொல்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் ஊருக்கு நடுவே நேராக ஓடுகிற பெரிய கல்பாவிய தெரு. கொஞ்ச தூரத்திலேயே தீயணைப்புப் படையின் பாசறை. துறைமுக ஊருக்கு எதற்கு அவ்வளவு பெரிய தீயணைப்புப் படை என்று நான் கேட்டேன். கிடங்குகளுக்காகத்தான் என்றாள். கிளாடியஸ் பேரரசர் காலத்திலேயே ரோமிலிருந்து ஒரு படைப்பிரிவை இங்கே நிறுத்தி வைத்துவிட்டார்கள், தானியம் தீப்பிடித்தால் தலைநகரமே பட்டினி கிடக்கும் என்ற பயம். பக்கத்தில் நெப்டியூன் குளியல்கூடம், ஹேட்ரியன் பேரரசர் 20 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் தருவதாகச் சொல்லி ஆரம்பித்து அடுத்து வந்தவர் கி.பி. 139இல் முடித்தது. கறுப்பு வெள்ளைக் கற்களில் கடல் குதிரைகள் இழுக்கும் தேர், மேலே ஏறி நின்று பார்க்கவேண்டும், அழகுதான். நாடக அரங்கம் ஒன்றும் இருக்கிறது, அதை நிறையச் சீரமைத்திருக்கிறார்கள், கோடையில் இப்போதும் அங்கே நாடகம் நடக்கிறதாம்.

ஆனால் அந்த அரங்கத்துக்குப் பின்னால் இருக்கிறதே ஒரு சதுக்கம், அங்கேதான் நான் அசையாமல் நின்றுவிட்டேன். மூன்று பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், 60 பக்கம் இருக்கும். கப்பல்காரர்களும் வியாபாரிகளும் அலுவலகம் வைத்திருந்த இடம் என்கிறார்கள். ஒவ்வொரு அறைக்கும் முன்னால் தரையில் மொசைக், சின்னக் கற்களைப் பதித்துச் செய்த படம், அதுதான் பெயர்ப்பலகை. கார்த்தேஜ் கப்பல்காரர்கள், நார்போன்காரர்கள், சார்டீனியாவின் காலியாரிக்காரர்கள். லிபியாவில் இருக்கும் சப்ராதா ஊர்க்காரர்கள் ஒரு யானையை வரைந்து வைத்திருக்கிறார்கள். கப்பல், கலங்கரை விளக்கம், மீன் என்று எங்கு பார்த்தாலும் படம். எழுத்து தெரியாத சுமைதூக்கியும் தன் அறையைக் கண்டுபிடித்திருப்பான்.

அதில் ஒன்றில், கோமதி, ஒருவன் தானியம் அளக்கிறான். முன்னால் மரக்கால் மாதிரி உருண்டையான அளவை, கையில் தலை வழிக்கிற குச்சி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அப்பா களத்தில் மரக்காலால் அளந்து போடும்போது ஒன்றுக்கு லாபம் என்று ஆரம்பித்துக் குரல் கொடுப்பாரே, நாம் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். இந்த அளப்பவர்களுக்கு ஓஸ்டியாவில் தனிச் சங்கம் இருந்தது, தனிக் கூடம் இருந்தது. அந்தக் கூடத்து மொசைக்கையும் அவள் படமாகக் காட்டினாள்: மூட்டையைத் தோளில் தூக்கி வருகிறான் ஒருவன், எத்தனை அளவு விழுந்தது என்று கணக்கு வைக்க ஒரு கயிற்றில் கோத்த சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் இன்னொருவன். அவன்தான் நீ. ராஜா ஒருத்தரும் அந்தப் படத்தில் இல்லை.

இன்னொன்றும் சொன்னாள், உனக்கென்றே சொன்னதுபோல இருந்தது. எகிப்தில் கோதுமையைக் கப்பலில் ஏற்றும்போதே மாதிரிக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து முத்திரை வைத்து அனுப்புவார்களாம், வழியில் யாரும் கலப்படம் செய்யக்கூடாதே. கி.பி. 188இல் எழுதின ஒரு அதிகாரியின் கடிதம் எகிப்தில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் கிடைத்திருக்கிறது. நீ அனுப்பின கோதுமையின் மாதிரியைப் பார்த்ததில் 2 சதவீதம் வாற்கோதுமையும் அரை சதவீதம் மண்ணும் இருக்கிறது, வித்தியாசத்தை வசூல் செய் என்று. அரை சதவீதம் மண்! நீ தூற்றும் இயந்திரத்துப் பக்கத்தில் நின்று பதர், கல், மண் என்று பிரித்துப் போட்டதும், 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று திருப்பி அனுப்பும்போது விவசாயி முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்ததும் எனக்குத் தெரியும். 1,800 வருஷத்துக்கு முன்னால் ஒருவன் இதே கவலையோடு இதே சண்டையைப் போட்டிருக்கிறான்.

அப்புறம் கிடங்குகள். ஊருக்குள் பல இடத்தில் இருக்கின்றன, பெரியதற்குள் போக விடவில்லை, வெளியே நின்று காட்டினாள். சுவர் அத்தனை தடிமன். தானியக் கிடங்கில் தரையைச் சின்னச் செங்கல் சுவர்களின் மேல் தூக்கிக் கட்டி, அடியில் காற்று ஓட விட்டிருக்கிறார்கள், ஈரம் ஏறாது, பூச்சியும் எலியும் குறையும். மழை வந்தால் தார்ப்பாயைத் தேடி ஓடுகிற நம் திறந்தவெளி அடுக்குகளை நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் தெரிந்த விஷயம் இது. பணம் இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது, நெல்லை மேலே தூக்கி வைக்க ஒரு மேடையும் தலைக்கு மேலே ஒரு கூரையும் கேட்டு எத்தனை மனு எழுதினாய் நீ.

கடல் அவர்களையும் சும்மா விடவில்லை. திபேர் ஆற்றில் பெரிய கப்பல் ஏற முடியாது என்று கி.பி. 42இல் கிளாடியஸ் வடக்கே ஒரு செயற்கைத் துறைமுகம் வெட்ட ஆரம்பித்தார். 62ஆம் ஆண்டு ஒரு புயலில் அந்தத் துறைமுகத்துக்குள்ளேயே சுமார் 200 கப்பல்கள் நாசமாயின. பிறகு டிராஜன் பேரரசர் காலத்தில் இன்னும் உள்ளே தள்ளி அறுகோணமாக ஒரு குளம் வெட்டினார்கள், அது இன்னும் தண்ணீரோடு இருக்கிறது. அங்கே இறக்கின தானியத்தைச் சின்னப் படகில் மாற்றி, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தே ரோம் வரை கொண்டுபோனார்கள். இப்போது ஓஸ்டியாவிலிருந்து கடல் 3 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது, வண்டல் சேர்ந்து சேர்ந்து. ஆறும் 1557 வெள்ளத்தில் தடம் மாறிவிட்டது. துறைமுகம் என்று சொன்னால் நம்பவே முடியாது, சுற்றிலும் பைன் மரமும் புல்லும்தான்.

மாவு அரைக்கும் இடம் ஒன்றைக் காட்டினாள். எரிமலைக் கல்லில் செய்த ஆளுயரத் திருகைகள் நெருக்கமாக நிற்கின்றன, கழுதையோ குதிரையோ பூட்டிச் சுற்ற விடுவார்கள், பக்கத்திலேயே மாவு பிசைகிற கல் தொட்டி, அடுப்பு. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தீப்பிடித்து அப்படியே நின்றுபோனது. கிடங்குக்கு வந்த கோதுமை ரொட்டியாகி வெளியே போகிற வரைக்கும் ஒரே ஊருக்குள் காலால் நடந்து பார்த்துவிடலாம், இது பொம்பெய்யில்கூட இப்படிக் கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாடி வீடுகளும் உண்டு. கீழே கடை, மேலே அடுக்கடுக்காக வாடகைக் குடித்தனம். அகஸ்டஸ் ரோமில் 70 அடிக்கு மேல் கட்டக்கூடாது என்று உத்தரவே போட்டார், டிராஜன் அதை 60 ஆகக் குறைத்தார். சாப்பாட்டுக் கடையில் பளிங்கு மேடையும் வாசலில் உட்காரத் திண்ணையும் இருக்கின்றன, சுவரில் பண்டங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். பொதுக் கழிப்பிடத்தில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள், அதைத் தாண்டிப் போனோம். கோயிலும் மன்றமும் இருக்கும் நடு இடத்தில் சுற்று முடிந்தது.

குறை என்று சொன்னால், அரை நாள் பற்றாது. யூதர் தொழுகைக்கூடம் ஒன்று, 1961இல் விமான நிலையச் சாலை போடும்போது கிடைத்தது, ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, அதுவரை குழு போகவில்லை. நாங்கள் டிக்கெட்டை வைத்துக்கொண்டு பிறகு தனியாக நடந்தோம். இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த ஊரின் பெரும்பகுதியை 1938க்கும் 1942க்கும் நடுவே அவசர அவசரமாகத் தோண்டினார்கள், 1942இல் ரோமில் நடக்க இருந்த உலகக் கண்காட்சிக்காக. அப்போது இத்தாலியை ஆண்ட முசோலினிக்கு ஹேட்ரியன் காலத்து மகிமை வேண்டும், அதற்கு மேலே இருந்த பிற்கால மனிதர்களின் அடுக்குகளைச் சரியாகக் குறித்துக்கூட வைக்காமல் அள்ளிக் கொட்டிவிட்டார்கள். கண்காட்சியும் போரினால் நடக்கவில்லை. ராஜாக்களின் பெருமை என்று நீ சொன்னது இங்கே பொருந்தும்.

ஒருத்தியைப் பற்றி உனக்குச் சொல்லியாகவேண்டும். ஸ்கிரிபோனியா அத்திகே. இரண்டாம் நூற்றாண்டு, பக்கத்து இசோலா சாக்ரா இடுகாட்டில் தனக்கும் புருஷனுக்கும் அம்மாவுக்கும் அவளே கல்லறை கட்டினாள். முகப்பில் சுடுமண் சிற்பம்: பிரசவ நாற்காலியில் ஒரு பெண், பின்னாலிருந்து ஒருத்தி தாங்கிப் பிடிக்கிறாள், முன்னால் மருத்துவச்சி. அதுதான் இவள் தொழில். புருஷன் வைத்தியர், இன்னொரு சிற்பத்தில் அவர் ஒரு நோயாளியின் காலைப் பிடித்து வைத்தியம் செய்துகொண்டிருக்கிறார். உன் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.

மிளகைப் பற்றிக் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா. நம் பக்கத்து மிளகு சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து செங்கடல் போய், பாலைவனம் தாண்டி, நைல் வழியாக அலெக்சாண்டிரியா சேர்ந்து அங்கிருந்து மறுபடி கப்பல் ஏறியது. செங்கடல் கரையில் பெரனிகே என்ற ஊரில் ஏழரை கிலோ மிளகோடு ஒரு இந்தியச் சாடியையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரோம் மன்றத்தின் பக்கத்தில் டொமிஷியன் பேரரசர் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார்.

உன் மகன் அடுத்த வருஷம் இத்தாலிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறானாமே. திங்கட்கிழமை மூடியிருக்கும், மாதத்தின் முதல் ஞாயிறு கட்டணம் கிடையாது ஆனால் கூட்டம். கல்பாவிய தெருவில் நடக்க நல்ல செருப்பும் உன் கைத்தடியும் வேண்டும், வெயில் காலத்தில் போகாதே, நிழல் குறைவு.

நான் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், சம்பா அறுவடை நேரம். உன் பழைய கொள்முதல் நிலையத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ, இத்தனை வருஷமாக உள்ளே வந்து முழுசாகப் பார்த்ததே இல்லை. நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தே ஈரம் இவ்வளவு என்று மீட்டருக்கு முன்னால் சொல்வாயே, அதை எனக்குச் சொல்லிக் கொடு. அந்த வழிகாட்டிப் பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், மீட்டர் இல்லாத காலத்தில் ரோமானியர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்லித் தன் மின்னஞ்சல் கொடுத்திருக்கிறாள். சீக்கிரம் பதில் போடு.

உன்,
விஜயா