கொல்லை வரைக்கும்

பஹிர் தார், எத்தியோப்பியா

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு விட்டுவிடாதே, டாக்டரையும் பார். இங்கே மழை ஓய்ந்துவிட்டது. செப்டம்பர் 11 இவர்களுக்குப் புத்தாண்டு; மேடெல்லாம் மஞ்சளாக 'அடேய்' என்ற பூ. பள்ளிக்கூடமும் திறந்தாயிற்று.

போன வாரம் வீட்டுக்காரரின் மகள் நோட்டோடு வந்தாள். பழமொழியின் முதல் பாதி இருக்கும், மீதியை எழுத வேண்டும். இந்த ஊர் மொழியான அம்ஹாரிக் எனக்கு எவ்வளவு தெரியும் என்று சோதிப்பதில் அவளுக்கு ஒரு குஷி. "இவுர் பிஷெஃப்த்..." என்று நிறுத்தினாள். நான் விழிக்கவே அவளே முடித்தாள்: "கெகுவாரோ அயால்ஃப்." குருடன் கலகக்காரனாகக் கிளம்பினாலும் கொல்லையைத் தாண்ட மாட்டானாம். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

எனக்கு அந்தக் 'கலகக்காரன்' என்ற இடத்தில் மனசு சிக்கிக்கொண்டது. ஷிஃப்தா என்றால் இங்கே வெறும் கொள்ளைக்காரன் இல்லை. அநியாயம் பொறுக்காமல் மலையேறுகிறவனும் ஷிஃப்தாதான். 1855இல் முடிசூடிய பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸே அதற்கு முன் ஷிஃப்தாவாகத் திரிந்தவர். அப்படியென்றால், கண் தெரியாதவனால் தூரம் போக முடியாது என்பதோடு பழமொழி நிற்கவில்லை. கோபித்துக்கொண்டு போகக்கூட உனக்கு வக்கில்லை என்கிறது.

இன்னொரு பழமொழி உன் வகுப்புப் பிள்ளைகளைப் போலக் காது கேளாதவர்களைப் பற்றியது. "யெதென்கோரோ லெக்ஸோ, மெலிஸோ மெலாலிஸோ." செவிடனின் ஒப்பாரி, சொன்னதையே திரும்பத் திரும்ப. தென்கோரோ என்றால் செவிடன், மடையனுக்கும் அதே சொல். செவிடன் காதில் சங்கு ஊதுகிற நாம் இவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது!

அரசாங்கத் தாளில் சொற்கள் மாறிவிட்டன. 'இவுர்' போய் 'அய்னெ ஸிவுர்', அதாவது பார்வை மறைந்தவர். எத்தியோப்பியா 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்கவைக்க 2012இல் ஒரு கல்வித் திட்டமும் வந்தது. ஆனால் மொழி வகுப்பில் பழமொழி வரும்போது பழைய சொல்தான் வருகிறது. லெக்ஸோவும் மெலாலிஸோவும் இயைபில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மரியாதைச் சொல்லைப் போட்டால் ஓசை உடைந்துவிடும். வாயில் பாட்டாக நிற்பதைச் சுற்றறிக்கை என்ன செய்யும்?

இத்தனைக்கும் பழைய கோவில் பள்ளிகளில் பார்வையற்றவர்களும் படித்திருக்கிறார்கள். அங்கே கெனே என்று ஒரு கவிதை சொல்லிக்கொடுப்பார்கள், நம் சிலேடை மாதிரி இரண்டு பொருள் வைத்துக் கட்டுவது. பாடமெல்லாம் காதில் கேட்டு மனப்பாடம் செய்வதுதான்.

மறுநாள் அந்தச் சிறுமியிடம் யெத்னெபெர்ஷ் நிகுசியைப் பற்றிச் சொன்னேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடும் இந்த நாட்டுப் பெண் வழக்கறிஞர், ஐந்து வயதில் பார்வை போனவர். ஷஷமெனேயில் பள்ளி, அடிஸ் அபாபாவில் சட்டப் படிப்பு, 2017இல் ரைட் லைவ்லிஹுட் விருது. கண் போனதால்தான் பால்ய விவாகத்திலிருந்து தப்பினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் பெயருக்கே 'எங்கே இருந்தாய்?' என்றுதான் அர்த்தம்.

கேட்டுவிட்டுச் சிறுமி, "அப்படியானால் நோட்டில் என்ன எழுத? வேறு எழுதினால் டீச்சர் மார்க் குறைப்பாரே" என்றாள். இருப்பதை அப்படியே விடு என்றுதான் சொன்னேன். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பாளையங்கோட்டையில் உன் வகுப்பில் அந்தச் சங்குப் பழமொழி வந்தால் நீ என்ன செய்கிறாய்? உன் பிள்ளைகள் சைகையில் என்ன பதில் சொல்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு